பத்து முறை குதித்துக் காட்டுங்கள்

நியூஜெர்சியில் நான் பிசியோதெரபிஸ்டாக வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், ஒரு கூடைப்பந்து வீரர் கதவில் குனிந்து உள்ளே வந்தார். இத்தாலியில் ஒரு கிளப்புக்கு ஆடும்போது வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து, ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்பியிருந்தார். இங்குள்ள பெரிய அணிகளில் இடம் கிடைக்காதவர்கள் ஐரோப்பாவுக்குப் போய் ஆடுவார்கள் என்பதே அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் நெஞ்சு உயரத்துக்குத்தான் என் தலை இருந்தது. "நீங்கதான் தெரபிஸ்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்று சொல்லி, கட்டிலில் படுக்கச் சொன்னேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

நான்கு மாதம் ஒழுங்காக வந்தார். அப்போது ஸ்பெயினில் ஒரு கிளப் அவரைக் கூப்பிட்டது. ஆடத் தகுதியானவர் என்று நான் கடிதம் தர வேண்டும். முழங்கால் உயரப் பெட்டி ஒன்றைக் காட்டி, "இதிலிருந்து ஒத்தைக் காலில் பத்து முறை குதித்துக் காட்டுங்கள்" என்றேன். ஏழாவது தடவை முழங்கால் உள்பக்கம் மடங்கியது.

"இன்னும் மூணு வாரம்" என்றேன்.

"அதுக்குள்ள வேற ஆளை எடுத்துடுவாங்க."

"எடுக்கலாம். ஆனா இந்தக் கால் திரும்பக் கிழிஞ்சா உங்களை யாருமே எடுக்க மாட்டாங்க."

அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். விஷயத்தைக் கேட்ட என் கணவர், "அவர் உன் மேனேஜர்கிட்ட கம்ப்ளெயின்ட் பண்ணா என்ன பண்ணுவே?" என்றார்.

"பண்ணட்டுங்க. நான் பாத்ததைத்தான் சொன்னேன்."

அடுத்த திங்கட்கிழமை காலை அந்த வீரர் எனக்கு முன்பே வந்து கிளினிக் வாசலில் நின்றிருந்தார். மூன்று வாரம் கழித்துப் பத்து முறையும் சுத்தமாகக் குதித்தார். கையெழுத்துப் போட்டேன். ஸ்பெயின்காரர்கள் காத்திருந்தார்கள்.

சில வருஷங்களில் நாங்கள் டெக்சாஸுக்குக் குடிபெயர்ந்தோம். பழைய கிளினிக்கில் என் நம்பரை வாங்கி ஒருநாள் அவர் போன் செய்தார். டெக்சாஸிலேயே ஒரு பெரிய அணியில் அவருக்குப் பத்து நாள் ஒப்பந்தம் கிடைத்திருந்தது; யாருக்காவது அடிபட்டால் இப்படிக் குறுகிய காலத்துக்கு ஆள் எடுப்பார்களாம். எங்களுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

அன்று ஒன்பது நிமிஷம் ஆடினார். மூன்று முறை பந்தைக் கூடைக்குள் போட்டார் என்று கணவர் சொன்னார். நான் அவருடைய வலது காலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து எங்களிடம் வந்தவர், "கால் எப்படி?" என்றார்.

"நல்லா இருக்கு. குதிச்சு இறங்கும்போது லேசா இடது பக்கம் சாயறீங்க."

வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த அணி ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அவர் ஸ்பெயினுக்கே திரும்பி, பிறகு கிரீஸிலும் ஆடினார். "பாவம், பத்து நாளோட முடிஞ்சிடுச்சே" என்றார் கணவர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை இருந்த ஊருக்குப் போய், தெரிந்த வேலையை நன்றாகச் செய்துகொண்டிருந்தார். கடைசியாகப் பேசியபோது, ஸ்பெயினிலேயே பயிற்சியாளராகிவிட்டதாகவும், மொழி மட்டும் இன்னும் தகராறு செய்வதாகவும் சொன்னார்.