மண்ணைக் கூட்டிய சேலை

கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையை, அதாவது கதம்பையை, அடிக்கும் அந்தப் பெண்ணின் சேலை எப்போதும் தரை மண்ணைக் கூட்டிக்கொண்டே போகும். கறுத்து ஒடிசலான ஆள். நடக்கும்போது மட்டும் இடப்பக்கம் பாரம் இழுப்பவர்போலச் சாய்வார். காயலோரத்து அந்த ஊரில் வீட்டுக்கு வீடு யானைக்கால். நான் அங்கே கம்பவுண்டர்.

திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சி நடந்த காலம். யானைக்கால் ஆராய்ச்சிக்கும் சிகிச்சைக்கும் எந்த ஊருக்குப் பணம் தருவது என்று முடிவுசெய்ய, திருவனந்தபுரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். பெரிய மனிதர் வருகிறாரே என்று ஊரார் நோயாளிகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள். வெள்ளை உடுத்தி நின்றவர்களின் கால்களைப் பார்த்துவிட்டு, "இங்கே நோய் குறைவுதான். வேறு ஊரைப் பார்க்கலாம்" என்று அதிகாரி கார்க் கதவைத் திறந்தார்.

அந்தப் பெண் கூட்டத்தை விலக்கி வந்து, காருக்கு முன்னால் நின்று, சேலையை முழங்கால்வரை தூக்கினார்.

"ஏட்டி, சேலைய எறக்கு. ஊருப் பேரு கெட்டா நம்ம பிள்ளையள ஆரு கல்யாணம் கெட்டுவா?" என்று பின்னாலிருந்து ஒருவர் சீறினார்.

"கெட்டாட்டா போட்டு. நல்ல காலோட நடக்கட்டு" என்றவர், அதிகாரியிடம் திரும்பினார். "பாத்தாச்சுல்லா சார்? உள்ள இன்னும் கெடக்கு. கதவ நான் தொறக்கேன்."

அதிகாரி கார்க் கதவைச் சாத்திவிட்டு அந்தப் பெண்ணின் பின்னால் நடந்தார்.

பணம் கிடைத்தது. முதல் நாள் மருந்துக்கு வந்த அந்தப் பெண்ணிடம் காலைக் காட்டச் சொன்னேன்.

"கொள்ளாமே, நல்ல கதையா இருக்கே கம்பவுண்டரே. ஆம்பிளையளுக்க முன்ன காலக் காட்டுவாவளா?" என்று சேலையை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.