தட்டைக்காய்க் கொடிக்குத் தண்ணீர் வைத்தியம்

கொல்லிமலையில் நான் ஒரு மாதம் வாடகைக்கு எடுத்த வீட்டில், தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஓர் அம்மாள் வருவார். வலது கட்டைவிரல் சற்றே தட்டையாக இருக்கும். ஹோஸ் பைப்பின் வாயை அந்த விரலால் அமுக்கி, தட்டைக்காய்க் கொடியின் ஒவ்வொரு இலையையும் திருப்பி, அடியில் அப்பியிருந்த கறுப்பு அசுவினிப் பூச்சிகளைத் தண்ணீராலேயே அடித்துக் கீழே தள்ளுவார்.

“உழுந்தா மறுக்கா ஏறத் தெம்பிருக்காதுங்க. நாலு நாள் பொறுங்க சாமி.”

பூச்சிமருந்தின் தீமை பற்றி மேடையேறிப் பேசுகிறவன் நான். பேச்சில் வருகிற பொறுமை தோட்டத்தில் வரவில்லை. மூன்றாம் நாள் அவர் போனதும், காளப்பநாயக்கன்பட்டியில் வாங்கி வந்திருந்த மருந்தை அடித்துவிட்டேன்.

மறுநாள் கொடியில் ஒரு பூச்சி இல்லை. அவர் முகத்தில் அப்படியொரு பூரிப்பு.

“பாத்தீங்களா, வெறும் தண்ணிக்கே ஓடிப்போச்சு! மருந்துக்காரன் நம்மள நம்பிக் கடை போட முடியாதுங்க” என்று சிரித்தபடி ஒரு பிஞ்சைப் பறித்துக் கடித்தார்.

“துப்புங்கம்மா! மருந்து அடிச்சிருக்கேன்!” என்று கத்தினேன்.

துப்பினார். பைப்புத் தண்ணீரில் நாலு தடவை வாய் கொப்பளித்தார். திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்து நின்றேன். திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன்.

“ஏனுங்க, நீங்க இதுல ஒண்ணும் திங்கலீங்களே?” என்று பதறினார்.

தின்னவில்லை. மருந்து அடித்த அன்று சாயங்காலமே, எனக்கு மட்டும் ஜாக்கிரதையாகக் கடையில் கத்தரிக்காய் வாங்கி வைத்திருந்தேன்.