ஜீரோவுக்கு முன்னால் ஒரு மேடு

இதைச் சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள். என் கணவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார், போன வாரம் வரைக்கும். இப்போது நான் பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். பேய், பிசாசை எல்லாம் நம்புகிற ஆள் இல்லை நான். பன்னிரண்டு வருஷம் லேசர் ஆய்வகத்தில் குப்பை கொட்டியவள். கண்ணால் பார்த்ததைக்கூட மூன்று தடவை அளந்து பார்க்காமல் நம்ப மாட்டேன். இதையும் அளந்தோம். அதுதான் பிரச்சினையே.

பேய்க் கதைக்கு நடுராத்திரிதான் லாயக்கு என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். இது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்ட கையோடு நடந்தது. ஆனால் எங்கள் ஆய்வகத்துக்கு ஜன்னல் கிடையாது. சுவர் கறுப்பு, மேஜையைச் சுற்றித் தொங்குகிற திரைச்சீலை கறுப்பு, கூரையும் கறுப்பு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உள்ளே கும்மிருட்டுதான். நாற்காலியில் மோதிக்கொள்ளாமல் நடக்கவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

என்ன வேலை என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் மாதிரி ஒரு பொருள். அதைக் கண்ணாடித் துண்டில் ஊதா நிறத்தில் மெல்லிசாகப் பூசியிருப்போம். ஒளி பட்டால் அதற்குள் மின்சுமை பிறக்கும். சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கிற தகடுகளுக்கு இது வேண்டும். ஒளி பட்ட பிறகு மின்சுமை எவ்வளவு சீக்கிரம் பிறக்கிறது? இதைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு.

ஒரு விநாடியை லட்சம் கோடி துண்டாக வெட்டுங்கள். அதில் ஒரு துண்டை எடுத்து இன்னும் பத்தாக வெட்டுங்கள். எங்கள் லேசரின் ஒரு துடிப்பு அவ்வளவு நேரம்தான் இருக்கும். அப்படி இரண்டு துடிப்புகளை அனுப்புவோம். முதலாவது அடிக்கும். இரண்டாவது பார்க்கும். இரண்டும் ஒன்றாகப் போய்ச் சேருகிற கணத்துக்கு ஜீரோ என்று பெயர். ஜீரோவுக்குப் பிறகு கணினித் திரையில் ஒரு மேடு எழும்பும். ஜீரோவுக்கு முன்னால் வெறும் கோடு. அடி விழுவதற்கு முன்னால் யாருக்கும் வலிக்காது இல்லையா, அதே கணக்குதான்.

எங்கள் தலைவருக்கு ஜீரோ சார் என்று பெயர் வைத்திருந்தோம். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “ஜீரோ எங்க இருக்கு?” என்பார். நல்ல மூளை. மனசு என்று ஒன்று இருந்ததாக யாரும் அளந்து பார்க்கவில்லை.

அந்த ஆய்வகத்தில் இரண்டு பழக்கங்கள். லேசர் பட்டுச் சிதறினால் கண் போய்விடும் என்பதால், பளபளக்கிற எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாட்ச், மோதிரம், சங்கிலி, கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றிக் கதவுக்கு வெளியே ஒரு தட்டில் போட்டுவிட வேண்டும். இது எல்லா இடத்திலும் உள்ளது.

இன்னொன்று எங்களுக்கு மட்டுமே உரியது. அளவு சரியா என்று பார்க்க, நடுவில் அடிக்கிற துடிப்பை மறைத்துப் பார்ப்போம். எதையாவது குறுக்கே வைத்தால் போதும். நாங்கள் வைப்பது, வேலையை விட்டுப் போனவரின் பழைய அடையாள அட்டை. மேலே உள்ள பளபளப்பைச் சொரசொரப்பான தாளால் தேய்த்துவிட்டு, அதற்கென்றே இருக்கிற கிளிப்பில் செருகிவிடுவோம். ஜீரோ சார் ஆரம்பித்து வைத்த வேடிக்கை அது.

அப்போது கிளிப்பில் இருந்தது கொக்கின் அட்டை.

கொக்கு எங்களோடு வேலை பார்த்தவர். நெட்டையாக, ஒற்றைக் காலில் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த மேஜையில் லேசரைத் திருப்பிவிடுகிற கண்ணாடிகளில் முக்கால்வாசி அவர் கையால் நிறுத்தியவை. என்னைத் ‘தங்கச்சி’ என்றுதான் கூப்பிடுவார். “தங்கச்சி, நாற்காலிக்கு வலிக்கப் போகுது, பாத்து மோது” என்பார். ஏழு வருஷ உழைப்புக்குப் பிறகு, ஆராய்ச்சிக் கட்டுரையிலிருந்து ஜீரோ சார் அவர் பெயரையே எடுத்துவிட்டார். கொக்கு தன் அட்டையை மேஜையில் வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். வேறு ஊரில் கல்லூரி வேலை கிடைத்ததாகக் கேள்வி.

அந்த அட்டையை ஜீரோ சார் அன்றைக்கே தேய்த்துக் கிளிப்பில் செருகினார். முகம் லேசரைப் பார்க்கிற மாதிரி. “போனாலும் உழைக்கட்டும்” என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். உள்ளே நானும் ஜீரோ சாரும் மட்டும். மறுநாள் காலைக்குள் ஒரு அளவு முடிய வேண்டும். முடிந்தால் எனக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை. இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. என் கணவரின் தொழிற்சாலையை அப்போதுதான் மூடியிருந்தார்கள். என் சம்பளம் ஒன்றில்தான் வீடு ஓடியது. அதனால் வாயை மூடிக்கொண்டு வேலை பார்த்தேன்.

மணி இரண்டு பத்து. வழக்கம்போலக் கொக்கின் அட்டையைச் செருகி, அடிக்கிற துடிப்பை மறைத்தேன். திரையில் வெறும் கோடு வர வேண்டும்.

மேடு வந்தது.

வெளிச்சம் எங்கோ கசிகிறது என்று நினைத்தேன். திரைச்சீலையை இழுத்து மூடினேன். மேடு போகவில்லை. அட்டையை எடுத்துவிட்டு இரும்புத் தகட்டை வைத்தேன். வெறும் கோடு. ஜீரோ சார் பையில் வைத்திருந்த வேறு யாருடையதோ பழைய அட்டையை வைத்தேன். வெறும் கோடு. கொக்கின் அட்டையைத் திரும்ப வைத்தேன்.

மேடு.

அடிக்கிற ஒளி அட்டையோடு நின்றுவிடுகிறது. ஊதாப் பூச்சின் மேல் ஒரு துளிகூடப் படவில்லை. ஆனால் அங்கே மின்சுமை பிறக்கிறது. அதைவிட மோசம், மேடு இருந்த இடம். இரண்டாவது துடிப்பு வந்து சேரும் நேரத்தை மாற்றுகிற கண்ணாடியை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். மூன்று தடவை.

மேடு ஜீரோவுக்கு முன்னால் இருந்தது.

“சார், இது தப்பு சார்.”

“தப்பு இல்லம்மா. புதுசு.” அவர் குரல் நடுங்கியது. சந்தோஷத்தில். “பவரை ஏத்து.”

ஏற்றினேன். அட்டையில் இருந்த படத்தின் மேல் பச்சைப் புள்ளி பெரிதாகியது. சரியாக இடது கண் மேல். மேடும் உயர்ந்தது.

முடி பொசுங்கும் வாசனை வந்தது. அட்டை பிளாஸ்டிக். பொசுங்கினால் பிளாஸ்டிக் வாசனைதான் வரும்.

மேஜையில் ஒளியை வெட்டி வெட்டி அனுப்புகிற சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ‘ர்ர்ர்’ என்று ஒரே மாதிரி சத்தம். அந்தச் சத்தத்துக்கு உள்ளே இன்னொரு சத்தம் கேட்டது.

ஹ்ஹ்... ஹ்ஹ்... ஹ்ஹ்...

யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி.

“சார்... கேக்குதா?”

அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் அந்தக் குரல். திரைச்சீலைக்கு அந்தப் பக்கம். நிற்கிற ஆளின் உயரத்தில் இல்லை. மேஜை உயரத்தில். லேசர் போகிற உயரத்தில். அங்கே மட்டும் தலையைக் குனியவே கூடாது என்று முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்.

“எடுத்துரு தங்கச்சி...”

என்னைத் தங்கச்சி என்று கூப்பிட அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை.

“எரியுது தங்கச்சி... எடுத்துரு...”

திரைச்சீலையை விலக்கினேன். யாரும் இல்லை. கண்ணாடிகள். பச்சைக் கோடு. அட்டை.

கையை நீட்டினேன். ஜீரோ சார் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிறகு நிதானமாக, காலியான இருட்டைப் பார்த்துப் பேசினார். லீவு கேட்டு வந்து நிற்கிறவரிடம் பேசுகிற மாதிரி.

“அஞ்சு நிமிஷம், கொக்கு. அளவு முடியட்டும்.”

அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் கேட்டிருக்கிறது. முதலிலிருந்தே.

“விடுங்க சார்!”

“உனக்கு ரெண்டு வருஷம் வேணுமா, வேணாமா?”

என் கை நின்றது. பொய் சொல்வானேன், நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. வீட்டு ஞாபகம் வந்தது. கணவர் சமையலறையில் சும்மா உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது.

பச்சைப் புள்ளியை அவர் வலது கண்ணுக்கு நகர்த்தினார்.

குரல் வார்த்தையாக இல்லை இப்போது.

மேடு உயர்ந்துகொண்டே போனது...

உயர்ந்தது...

மணி மூன்று ஐம்பத்திரண்டு.

கோடு.

வெறும் கோடு. லேசர் ஓடிக்கொண்டிருந்தது. சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை.

“ச்சே. போச்சு” என்றார் ஜீரோ சார். அட்டையை உருவிப் பார்த்தார். படத்தில் முகம் அப்படியே இருந்தது. கண் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை வட்டம். மூக்குத் துடைத்த காகிதத்தைப் போடுகிற மாதிரி அதைக் குப்பைக் கூடையில் போட்டார்.

என் காதுக்குப் பக்கத்தில், மிக மெதுவாக...

“தங்கச்சி, உன்...”

முடிக்கவில்லை. நான் ஓடினேன். கதவுக்கு வெளியே தட்டில் கைவிட்டு வாட்ச், மோதிரம், சங்கிலியை அள்ளிக்கொண்டு ஓடினேன். மாடிப்படியில் இரண்டு இடத்தில் விழுந்தேன். வெளியே நல்ல வெயில். ஆட்கள் சாதாரணமாக நடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலையில் வேலையை விடுகிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டுக் கொக்கின் வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். தொண்டை கட்டியிருந்தது. பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம்.

“நேத்து சாப்பிட்டுட்டுப் படுத்தாருங்க. ரெண்டு மணி இருக்கும். கண்ணு எரியுது, கண்ணு எரியுதுன்னு கத்த ஆரம்பிச்சாரு. தண்ணி ஊத்தினோம், ஒண்ணும் கேக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ரெண்டு கண்ணுக்கு உள்ளயும் வட்டமா வெந்திருக்கு, சூரியனைப் பாத்தாரான்னு டாக்டர் கேக்குறாரு. வீட்டுக்குள்ள படுத்திருந்த மனுஷன் எங்கங்க சூரியனைப் பாக்குறது?”

எத்தனை மணிக்கு உயிர் போனது என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். நாலு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது.

அப்புறம் கேட்டார்.

“அவருக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லைங்க. ஆனா கடைசி வரைக்கும் தங்கச்சி, தங்கச்சின்னாரு. போற நேரத்துல, ‘தங்கச்சி, உன் கார்டை எடுத்துக்கிட்டுப் போ, அங்க விட்டுராதே’ன்னாரு. யாருங்க அந்தத் தங்கச்சி? உங்களுக்குத் தெரியுமா?”

போனைக் காதில் வைத்தபடியே கைப்பையைக் கவிழ்த்தேன். வாட்ச் இருந்தது. மோதிரம் இருந்தது. சங்கிலி இருந்தது.

அட்டை இல்லை.

அன்றைக்கே போனேன். தட்டு காலி. என் பெயரைக் கணினியிலிருந்து நீக்கிவிட்டதால் ஆய்வகக் கதவு என் விரலுக்குத் திறக்கவில்லை. காவலாளி உள்ளே போன் செய்து கேட்டுவிட்டு, “அட்டையை ஒப்படைச்சாச்சுன்னு சார் சொல்றாரும்மா” என்றார். கெஞ்சினேன், அழுதேன், சண்டை போட்டேன். போலீஸுக்குப் போனால் என்னவென்று சொல்வது? அந்த ஊரையே விட்டு வந்துவிட்டோம்.

எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று கணவர் கிண்டல் செய்வார். நானும் சிரிக்கப் பழகியிருந்தேன்.

போன வாரம். ஞாயிற்றுக்கிழமை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கணவர் பக்கத்தில் நின்று துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

இடது கண்ணில் ஒரு பச்சைப் புள்ளி.

கண்ணை மூடினேன். போகவில்லை.

முடி பொசுங்கும் வாசனை.

என் வாய் தானாகப் பேசியது. நான் பேசவில்லை. “எடுத்துருங்க சார்...”

கணவர் கையிலிருந்த தட்டு கீழே விழுந்து உடைந்தது. நான் பேசியதைக் கேட்டு இல்லை. சமையலறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. போன் கூடத்தில் இருந்தது. ஆனால் எனக்குக் கேட்ட பதில், அவருக்கும் தெளிவாகக் கேட்டது.

“அஞ்சு நிமிஷம்மா. அளவு முடியட்டும்.”

இதை வலது கண்ணால் பார்த்து எழுதுகிறேன். நாளை ஞாயிற்றுக்கிழமை.