சவர்க்காரத்துக்கு வந்த மீன்

மீன் பிடிக்கப் போவதற்கு முதல் நாள், வழிகாட்டி முதெண்டா என்னிடம் கொண்டுவரச் சொன்ன சாமான் ஒன்றே ஒன்றுதான்: சவர்க்காரம். முகத்துக்குப் போடுகிற வாசனைச் சவர்க்காரம் அல்ல, உடுப்புத் தோய்க்கிற நீலக் கட்டி. மீன் பிடிக்கிற மனிதர் கை கழுவுவதில் இவ்வளவு கவனமா என்று எனக்கு உள்ளூர ஒரே சந்தோஷம். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். அடுத்த நாள் காலை வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததும் அவர் அதை வாங்கி, பேனாக்கத்தியால் துண்டு துண்டாக வெட்டி, தூண்டிலில் குத்தத் தொடங்கினார். கரிபா ஏரியின் பெரிய கெளுத்தி மீனுக்கு உலகத்திலேயே பிடித்த சாப்பாடு உடுப்புச் சவர்க்காரமாம். ஊரில் யாரிடமாவது இதைச் சொன்னால், பொடியன் வெயிலில் நின்றுவிட்டான் என்பார்கள்.

நான் இருப்பது ஆபிரிக்காவில், சாம்பியா நாட்டில். கணிதம் படிப்பிக்கிற வேலை. இரண்டாவது வருஷம் ஓடுகிறது. சாம்பேசி ஆற்றை மறித்துக் கட்டியதில் உண்டான கரிபா ஏரியின் கரையில் என் பள்ளிக்கூடம். ஏரி என்றதும் ஊர்க்குளத்தை நினைத்துவிடாதீர்கள். அக்கரை கண்ணுக்குத் தெரியாது. காற்று எழும்பினால் அலை அடித்து வள்ளம் கவிழும். முதன்முதல் பார்த்த அன்று, உப்புக் கடல் சூழ்ந்த நயினாதீவில் பிறந்த எவனும் செய்வதையே நானும் செய்தேன். குனிந்து விரலை நனைத்து நக்கிப் பார்த்தேன். நல்ல தண்ணீர்! ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு எங்கள் தீவில் பெண்கள் நடக்கிற தூரத்தை நினைத்ததும் கோபம்கூட வந்தது. இவ்வளவையும் கடவுள் இங்கே கொண்டுவந்து கொட்டியிருக்கிறாரே!

எனக்கும் மீனுக்கும் உள்ள தூரத்தையும் சொல்லவேண்டும். என் அப்பா நயினாதீவின் மேற்குக் கரையில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர். வேலைக் கடிதம் வந்தபோது அவர் இரண்டு நாள் அதைப் பிள்ளையாரின் காலடியில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் பேசினார். "போட்டு வாரும். ஆனால் மச்சம் தொடமாட்டன் எண்டு பிள்ளையாருக்கு முன்னாலை சொல்லிப்போட்டுப் போம். தொடாமல் வந்தால் என்னோடை மூலஸ்தானத்துக்கை நிக்கலாம். தொட்டால் வெளியிலை நிண்டு கும்பிடுறதுதான்." மச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் மீனும் இறைச்சியும். சொன்னேன். அப்பாவுக்கு வேறு மகன் இல்லை. எனக்கும் அந்த மூலஸ்தானத்து இருட்டையும் எண்ணெய் வாசத்தையும் விட்டால் என்னுடையது என்று சொல்ல வேறு இடமில்லை. எங்கே போனாலும் திரும்பி வந்து நிற்க நாலடிச் சதுரம் ஒன்று இருக்கிறது என்ற தைரியத்தில்தான் விமானம் ஏறினேன்.

பிறகு ஏன் மீன் பிடிக்கப் போனாய் என்று கேட்பீர்கள். எல்லாம் வாய்க்கொழுப்பு. ஆசிரியர் அறையில், நான் தீவில் பிறந்தவன், வள்ளம் இல்லாமல் ஊரைத் தாண்டாதவன் என்று அளந்துவிட்டேன். தலைமை ஆசிரியருக்கு மீன்பிடி என்றால் பைத்தியம். நல்ல கூட்டாளி கிடைத்தான் என்று மகிழ்ந்து, தவணை விடுமுறைக்கு முதெண்டாவின் வள்ளத்தை ஒழுங்கு செய்துவிட்டார். நான் மீன் சாப்பிடுவதில்லை என்றேன். சாப்பிட வேண்டாம், பிடித்தால் போதும் என்று முதுகில் தட்டினார். கடைசியில் காய்ச்சல் வந்து அவர் படுத்துவிட, தனியே போகவேண்டி வந்தது. தூண்டில் தடியைப் பிடித்தால் மீனைத் தொட்டதாகாது, இரைகூடப் புழு இல்லை, வெறும் சவர்க்காரம்தானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒன்றும் கடிக்கக்கூடாது என்று பிள்ளையாரிடமும் ஒரு வார்த்தை போட்டுவைத்தேன்.

முதெண்டாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நாங்கள் பேசியது ஆங்கிலம், இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலம். என் காதில் அது ஊர்ப் பேச்சாகவே விழுந்தது, அப்படியே எழுதுகிறேன்.

"உங்கடை தீவைச் சுத்தியும் இப்பிடித்தான் தண்ணியோ, மாஸ்டர்?"

"ஓம். ஆனால் உப்பு. குடிக்க ஏலாது."

"ஆர் உப்புப் போட்டது?"

"ஒருத்தரும் போடேல்லை. கடல் அப்பிடித்தான்."

"அப்ப மீன்?"

"அதுக்குள்ளைதான் சீவிக்குது."

மனிதர் வள்ளம் ஆடும்படி சிரித்தார். "மாஸ்டர், சவர்க்காரத்துக்கு மீன் வரும் எண்டதை நீங்கள் நம்பேல்லை. நீங்கள் சொல்லுறதை நானும் நம்பேல்லை. சரிக்குச் சரி."

கரையில் தெரிந்த இரண்டு குன்றுகளில் ஒன்று மற்றதுக்குப் பின்னால் வந்து மறைந்ததும் அவர் எஞ்சினை நிறுத்தினார். இதில்தான் மீன் நிற்கும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இது எங்கடை வளவு" என்று கீழே தண்ணீரைக் காட்டினார். அணை கட்டி ஆறு ஏறியபோது அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயது. லொறியில் ஏற்றிக்கொண்டுபோய் மேட்டுநிலத்தில் விட்டார்களாம். "இதிலை புளியமரம். அங்காலை எங்கடை தாத்தாவைத் தாட்ட இடம். மரம் கிடக்கிற இடத்திலைதான் பெரிய மீன் படுக்கும்." எங்கள் ஊரில் காணி எல்லை சொல்லுகிறவர்களின் அதே குரல். தன் வீட்டு முற்றத்துக்கு மேலே மிதந்துகொண்டு அந்நியனுக்கு மீன் காட்டுகிறார் மனிதர். புளி எங்கள் ஊரிலும் உண்டு என்று மட்டும் சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து என் தூண்டில் வளைந்தது. பிள்ளையார் கேட்கவில்லை, அல்லது கேட்டுத்தான் அனுப்பினாரோ தெரியாது. அரைமணி நேரம் அது என்னை இழுத்தது, நான் அதை இழுத்தேன். கடைசியில் வள்ளத்தோடு ஒட்டி வந்து நின்ற மீன், பிள்ளைகள் உட்காருகிற பள்ளிக்கூட வாங்கு அளவு நீளம். செதிளே இல்லாத கரிய உடம்பு, விரல் தடிப்பில் மீசை. முதெண்டா அதன் வாய்க்குள் கையைக் கொடுத்து உள்ளே இழுத்துப் போட்டார். போட்டவர் அலறினார். மீனின் தாடையைத் துளைத்து வெளியே நீட்டியிருந்த தூண்டில் முள் அவருடைய உள்ளங்கையிலும் ஏறிவிட்டது. மீனும் மனிதரும் ஒரே முள்ளில். அது துள்ளத் துள்ள அவர் கை கிழிந்தது.

"பிடியுங்கோ மாஸ்டர்! ஆடவிடாமல் பிடியுங்கோ!"

நான் பிடிக்கவில்லை. இரண்டு மூன்று மூச்சு விடுகிற நேரம் சும்மா நின்றேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நின்றேன். ஊருக்குப் போக அக்கரைக் குறிகட்டுவான் துறையில் மோட்டார் வள்ளம் ஏறும்போதெல்லாம், "ஐயாவின்ரை பொடியன் வாறான், கூடையைத் தள்ளு" என்று ஒரு குரல் எழும்பும். மீன்கூடைகள் எல்லாம் ஒரு பக்கம் நகரும். எனக்கு இடம் கிடைக்கும். இத்தனை வருஷம் என் ஆசாரத்தைக் காப்பாற்றியது நான் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கூடைக்காரர்கள் அல்லவா காப்பாற்றியிருக்கிறார்கள்! இங்கே கூடையைத் தள்ள ஒருவருமில்லை. வள்ளமெல்லாம் இரத்தம்.

விழுந்து கட்டிப்பிடித்தேன். தலையை நெஞ்சோடு சேர்த்து, இரண்டு கையாலும் இறுக்கி, காலையும் மேலே போட்டுக்கொண்டேன். சட்டைக்கு வெளியே வந்த பூணூல் அதன் மீசையில் சிக்கியது. குளிர்ந்த, வழுவழுத்த உடம்பு. மணக்கும் என்று நினைத்தேன்; என்னுடைய நீலச் சவர்க்காரம்தான் மணத்தது. முதெண்டா மற்றக் கையால் குறட்டால் முள்ளை நறுக்கி, கையை விடுவித்துத் துணியால் கட்டினார். நான் அதற்குப் பிறகும் மீனை விடவில்லை. அவர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.

மீனை அவரே வீட்டுக்குக் கொண்டுபோனார்; மூன்று குடும்பத்துக்குக் காணும் என்றார். கரைக்கு வந்ததும் மிஞ்சிய சவர்க்காரத் துண்டை என்னிடம் நீட்டினார். அந்தக் கரையில் குந்தியிருந்து முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். கழுவக் கழுவ அழுகை வந்தது. நாலடிச் சதுரம் போய்விட்டது என்றுதான்.

அப்பாவுக்கு மறைக்க மனம் வரவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதினேன். ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. கோயில் கூரை, மாட்டின் சுகம், மழை இல்லாத கதை எல்லாம் இருந்தன. மீனைப்பற்றி ஒரு சொல் இல்லை. கடைசி வரியில் மட்டும், "ஏரித் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று எழுதியிருந்தீர். வரும்போது ஒரு போத்தல் கொண்டுவாரும்" என்று இருந்தது. அந்த வரியை எத்தனை தரம் படித்தாலும் உள்ளேயா வெளியேயா என்று பிடிபடவில்லை.

லீவில் ஊருக்குப் போனேன். வந்த உடுப்போடு கோயில் வாசலுக்கு வெளியே நின்று போத்தலை நீட்டினேன். இதையும் சொல்லிவிடலாம் என்று, "அப்பா, இந்தத் தண்ணிக்கு அடியிலை ஒரு ஊர் கிடக்குது. சுடலையும் கிடக்குது" என்றேன்.

"எங்கடை கடலுக்கு அடியிலை ஆர் இல்லை?" என்று போத்தலை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூடியைத் திறந்து உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கினார். நயினாதீவான் அல்லவா! பிறகு கேட்டார்: "அந்த மனிசன்ரை கை மாறிட்டுதோ?"

"ஓம். தழும்புதான் கிடக்குது."

"அப்ப ஏன் வெளியிலை நிக்கிறீர்? முழுகிப்போட்டு வந்து குடத்தைப் பிடியும்."

அன்று அபிஷேகத்துக்கு ஊர்க் கிணற்றுத் தண்ணீரோடு முதெண்டாவின் வளவுத் தண்ணீரும் கலந்தது. பிள்ளையார் மேல் ஓடி, பின்புறம் கோமுகியால் வடிந்து, மணலில் விழுந்த கையோடு காணாமல் போனது. குடத்தைப் பிடித்திருந்த என் கையில் மீனின் வழுவழுப்பு இன்னும் இருப்பதுபோல இருந்தது. அது எனக்குத் தொந்தரவாக இல்லை.

திரும்பிப் போகிற நாள் இறங்குதுறையில் அதே போத்தலை அலம்பி, கடல் தண்ணீர் நிரப்பிக்கொண்டேன். வள்ளத்தில் வழக்கம்போல ஒரு குரல் எழும்பி, ஒருவர் கூடையை நகர்த்தப் போனார். "இருக்கட்டும் அண்ணை, தள்ளவேண்டாம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கூடை காலோடு உரச, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு குறிகட்டுவான் வரை வந்தேன். சவர்க்காரத்தோடு ஒரே பையில் வந்ததால் மூடியில் அந்த வாசம் இன்னும் போகவில்லை. கடல் உப்பு என்றதை நம்பாத முதெண்டா இந்த முறை விரலை விட்டு நக்கிப் பார்க்கட்டும்.