செம்பருத்திக்கு வந்த சந்தேகக் குருவி

பல்லடத்துப் பக்கம் கறிக்கோழிப் பண்ணை வைத்திருப்பவனுக்கு, தெரியாத குருவி என்றாலே பறவைக் காய்ச்சல்தான். போன மாதம் வாசல் செம்பருத்தியில் அப்படி ஒன்று வந்து உட்கார்ந்தது. என் கட்டைவிரலைவிடக் கொஞ்சம் பெரிது. முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள், மூக்கு வளைசல். பக்கத்துக் கொட்டகையில் அன்றைக்குத்தான் புதுக் குஞ்சுகளை இறக்கியிருந்தேன். ஒன்றுக்கு நோய் தொற்றினாலும் மொத்தமும் போய்விடும்.

"இந்தச் செடிய வெட்டிப்போடோணும்" என்று அரிவாளை எடுத்தேன். வீட்டுக்காரி குறுக்கே வந்து நின்றாள்.

"மொதல்ல டாக்டர்கிட்டக் கேளுங்க."

போட்டோ எடுத்துக் கால்நடை மருத்துவருக்கு அனுப்பினேன். உடனே போனில் கூப்பிட்டார்.

"ஏனுங்ணா, இது தேன்சிட்டுங்க."

"தேன்சிட்டு எனக்குத் தெரியாதுங்களா? அது கருநீலமா மின்னுமுங்க. தெனமும் இதே செடிக்குத்தான் வருது."

"அது சேவலுங்க. இது அதோட பெட்டை. பயப்படாதீங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தன வருசமா கோழி வளக்கறீங்க, பெட்டைய அடையாளந் தெரியலீங்களா?"

கறிக்கோழியில் யார் அதைப் பார்க்கிறார்கள்? சேவலோ பெட்டையோ, எடை வந்தால் வண்டியில் ஏற்றிவிடுவோம். அதைச் சொன்னால் இன்னும் சிரிப்பாள். அரிவாளை எடுத்த இடத்திலேயே வைத்தேன். டாக்டர் பயமில்லை என்று சொல்லிவிட்டார்தான். இருந்தாலும் கொட்டகைக்குள் போகுமுன், அவள் பார்க்காத நேரமாக, கிருமி சாக வாசலில் வைத்திருக்கும் மருந்துத் தண்ணீரில் காலை இரண்டு தடவை நனைத்துக்கொண்டேன்.