தரையோடு மிதித்தும் போகாத கார்

மூன்றாவது முறையாக அந்த டீசல் கார் என் ஷெட்டுக்கு வந்தபோது, முதலாளி பின்சீட்டை விட்டு இறங்காமலே பேசினார்.

“என்ன மெக்கானிக்கு, ரிப்பேர் பாக்கீகளா, இல்ல சும்மா தொடைச்சு அனுப்புதீகளா? ஆமத்தூர் விலக்குல டவுன் பஸ்ஸ முந்தச் சொன்னேன். சன்னலோரம் இருந்தவன் என்னப் பாத்துச் சிரிச்சுட்டுப் போறான்.”

“மிதிச்சாப் போகலையா அண்ணாச்சி?”

“டிரைவரு தரையோட மிதிக்கான். நான் பாத்துக்கிட்டுதான இருக்கேன். காலு எறங்குது, வண்டி நகரல. நாளைக்குச் சாயங்காலம் வேணும். சீசன் நேரம்.”

அவருக்கு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு யூனிட். அவருடைய டிரைவர் கருப்பசாமி பல வருடமாக அவரிடம் இருப்பவன். அன்று முதலாளி வேறு காரில் ஏறிப் போன பிறகும் போகாமல் ஷெட் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

பிக்கப் இல்லை என்று வரும் டீசல் வண்டியில் பார்க்க வேண்டியவை தொழிலில் எல்லாருக்கும் தெரியும். முதல் முறை ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தேன். இந்தப் பக்கத்துப் புழுதிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இரண்டாம் முறை டீசல் ஃபில்டரை மாற்றினேன். டர்போ ஹோஸில் காற்றுக் கசிகிறதா என்றும் பார்த்தேன். கசிவு இல்லை. ஸ்கேனரில் எரர் கோடும் வரவில்லை.

இம்முறை எரர் பக்கத்தை விட்டுவிட்டு, சென்சார்கள் அந்தந்த நொடியில் என்ன சொல்கின்றன என்று காட்டும் பக்கத்தைத் திறந்தேன். இப்போதைய கார்களில் ஆக்சிலரேட்டரை இழுக்கும் கேபிள் கிடையாது. பெடல் எவ்வளவு இறங்கியது என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. முழுக்க மிதித்தால் நூறை ஒட்டிக் காட்ட வேண்டும். நான் மிதித்தபோது எண் பாதியைக் கொஞ்சம் தாண்டியதும் நின்றுவிட்டது. என் காலுக்கோ பெடல் தரையைத் தொட்டதாகத்தான் தெரிந்தது.

காலடி விரிப்பைத் தூக்கினேன். அடியில், பெடல் வந்து உட்காரும் இடத்தில், கறுப்பு ரப்பர் துண்டுகளை அடுக்கி ஒட்டியிருந்தது. பட்டாசு அறைகளில் தரைக்கு விரிக்கிற ஷீட். பெடல் அளவுக்குப் பிசிறில்லாமல் வெட்டியிருந்தார்கள்.

“ஏலே, இது யாரு வேலை?”

கருப்பசாமி எழுந்து வந்தான். “நான்தாண்ணே ஒட்டுனேன்.”

“நீயே ஒட்டி வச்சிட்டு, ரெண்டு தடவையா என்னக் கோட்டிக்காரனாக்கிருக்கியே!”

“டிக்கியத் தெறந்து பாருங்க.”

டிக்கி கார்ப்பெட்டின் ஓரமெல்லாம் வெள்ளித்தூள் ஒட்டி மினுங்கியது. பட்டாசு மருந்தில் சேர்க்கிற அலுமினியத் தூள்.

“லோடு வண்டின்னா செக்கிங்ல நிப்பாட்டுவாக. மொதலாளி காரை எவன் நிப்பாட்டுவான்?” என்றான். “யூனிட்டுல கலந்த மருந்த இதுல வச்சு லைசென்ஸ் இல்லாத வெளி ஷெட்டுக்குக் கொண்டுபோறோம். பின்னால ஒக்காந்து மிதி, மிதிங்காரு. அந்த ரோட்டுல பள்ளம் எம்புட்டுக் கெடக்குன்னு உங்களுக்கே தெரியும். ஒரு குலுக்கு போதும், மருந்து வெடிச்சிரும். மெதுவாப் போறேன்னா, பயந்தாங்கொள்ளின்னு ஏசுதாரு. வேலைய விட்டா வீடு எப்படி ஓடும்? இப்ப மிதிங்காரு, மிதிக்கேன். வண்டி போகல. என்ன ஏச முடியாதுல்லா?”

“அவரும் அதே வண்டியிலதான வாராரு? அவருக்குப் பயம் இல்லையா?”

“அவரு எப்ப ரோட்டப் பாத்தாரு? போனத்தான பாக்காரு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

“எடுத்துராதீகண்ணே.”

எடுத்தேன். எதிரே லாரி வரும்போது முந்தப் போய், பாதியில் இழுவை கிடைக்காமல் நிற்கிற வண்டி மருந்து இல்லாமலே ஆளைக் கொல்லும். அதை அவனிடம் சொன்னேன். அவன் ரப்பர் துண்டுகளைப் பொறுக்கித் தன் பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் சாயங்காலம் முதலாளி வந்தார். கருப்பசாமி சாவியோடு வண்டி பக்கத்தில் நின்றான். பெடலில் தடங்கல் இருந்தது, எடுத்துவிட்டேன் என்றேன். வைத்தது யார் என்று சொல்லவில்லை.

“டிக்கியில வெள்ளித்தூள் கெடக்கு அண்ணாச்சி. இங்கன வெல்டிங் நடக்குது. இனி இந்த வண்டிய என் ஷெட்டுக்குள்ள எடுக்க மாட்டேன். மருந்து கார்ல போற சாமானும் இல்ல.”

“நீரு மெக்கானிக்கா, இன்ஸ்பெக்டரா?”

“மெக்கானிக்குதான்.”

“அப்ப மெக்கானிக்கா இரும்.” கருப்பசாமி பக்கம் திரும்பினார். “வண்டிய எடுலே.”

அவன் அசையவில்லை. “மருந்து ஏத்துறதுன்னா நான் வரல அண்ணாச்சி,” என்றான். சத்தம் போடாமல்தான் சொன்னான்.

முதலாளி அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி, தானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். மிதித்த மிதிக்குச் சரளையை வாரி இறைத்துக்கொண்டு கார் ரோட்டில் ஏறியது. வேலை சுத்தமாக முடிந்திருந்தது என்பதற்கு அதற்கு மேல் டிரையல் தேவையில்லை.

ஏன் புகார் செய்யவில்லை என்று தொழிலுக்குப் புதிதாக வரும் இளையவர்கள் கேட்கலாம். கருப்பசாமியே வேண்டாம் என்றான். யூனிட்டை மூடினால் அவன் தெருவில் பாதிப் பேருக்கு வேலை போய்விடும் என்றான். என் ஷெட்டில் இருந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நான் விட்டுவிட்டேன். கருப்பசாமி கொஞ்ச நாள் வேலையில்லாமல் இருந்து, பிறகு தண்ணீர் லாரிக்குப் போனான். சம்பளம் முன்னைவிடக் குறைவு.

அந்த சீசன் முடிவதற்குள் ஒரு தடவை வெம்பக்கோட்டை ரோட்டில் பைக்கில் போனபோது அந்தக் காரைப் பார்த்தேன். முதலாளி தனியாக ஓட்டிக்கொண்டிருந்தார். ரோடு காலியாகக் கிடந்தது. ஆனாலும் ஒவ்வொரு பள்ளத்திலும் கிட்டத்தட்ட நிறுத்தி, காரை மெல்ல இறக்கி ஏற்றிப் போனார். சைக்கிளில் வந்த ஒருவர் அவரைத் தாண்டிப் போனார். டிக்கியில் என்ன இருக்கும் என்று தெரிந்த நான் தாண்டவில்லை. பைக்கை வேலிக்கருவைப் புதர் ஓரம் நிறுத்தி, கார் கண்ணுக்கு மறையும்வரை நின்றேன்.

பிக்கப் இல்லை என்று வண்டி வந்தால், முதலில் ஓட்டுகிறவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். பானெட்டைப் பிறகு திறக்கலாம்.