தாவூது பாய் கடைக்கு வந்த போன்

பேரையூர்ப் பக்கம் ஒரு பேச்சு. முத்திருளன் மகள் ஜெயக்கொடி மதுரையில் டி.வி.க்குள் கதவு வைக்கிறாளாம். சொன்னவன் சோணைமுத்து. அவனுக்குச் சொன்னது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்.

பாதி உண்மைதான். 1987இல் பசுமலைப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜெயக்கொடி பாடம் நடத்தினாள். வகுப்பு முடிந்ததும் திரையில் திறந்து மூடும் கட்டம், பொத்தான், மேலிருந்து இறங்கும் பட்டியல் என்று ஒவ்வொன்றாகச் செய்துவைப்பாள். வேண்டியவர்கள் எடுத்துத் தங்கள் புரோகிராமில் பொருத்திக்கொள்ளலாம். ஊரெல்லாம் பேஸிக், கோபோல் என்ற கம்ப்யூட்டர் மொழிகளைப் படிக்க, இவள் பிடித்தது ஃபோர்த் என்ற மொழி. சாமான்களை முதலில் அடுக்கிவிட்டு, செய்ய வேண்டியதைக் கடைசியில் சொல்ல வேண்டும். அவளுக்கு அது வசதியாக இருந்தது. மதுரையில் வேறு யாருக்கும் அது தெரியாததால் தப்புக் கண்டுபிடிக்கவும் ஆளில்லை.

அரிசி மூட்டையோடு வந்த முத்திருளன் திரையைக் குனிந்து பார்த்தார்.

"ஏத்தா, அந்தப் பொட்டிய மூடுனா அடியில இருந்த எழுத்து அழிஞ்சு போயிராது?"

"அழியாம திரும்பி வரத்தான்ப்பா எட்டு மாசம் ஆச்சு."

"இம்புட்டுத்தானா? நான் என்னமோ பெரிய வேலைன்னு நெனச்சேன்."

அவள் இதையெல்லாம் பதிந்து அனுப்பிய ஃப்ளாப்பியைப் பார்த்த மெட்ராஸ் கம்பெனி ஒன்று கடிதம் போட்டது. வெள்ளிக்கிழமை மதியம் ஒன்றரைக்குப் போனில் கூப்பிடுவார்கள். பேசினால் வேலை, ஆள் கிடைக்காவிட்டால் வேறொருவருக்கு. ஜெயக்கொடி கொடுத்திருந்த நம்பர், அவள் குடியிருந்த மாடிக்குக் கீழே இருந்த ஷேக் தாவூதின் குடைக்கடையுடையது.

"வெள்ளிக்கெழம ஒன்றரைக்கா? ஜும்ஆவுக்குப் போயிருவேனேம்மா" என்றார் தாவூது. "சரி, சாவிய ஒங்கிட்டக் குடுத்துட்டுப் போறேன். நீ பாட்டுக்கு ஒக்காந்து பேசு."

"மறந்துராதீங்க பாய்."

"நல்லாக் கேட்ட போ!"

இருபது வருஷமாக ஷட்டரைப் பூட்டியதும் சாவியை இடுப்பில் கட்டிய பச்சை பெல்ட்டின் பையில் போட்ட கை, அன்றும் அங்கேயே போட்டது. ஒரு மணிக்கு ஜெயக்கொடி படியிறங்கியபோது கடை பூட்டியிருந்தது. தொழுகையில் இருப்பவரைக் கூப்பிட முடியாது. நின்றாள்.

சரியாக ஒன்றரைக்கு உள்ளே மணி அடித்தது. எண்ணினாள். இருபத்திரண்டோடு நின்றது. மறுபடி அடித்தது.

தெருமுனையில் தாவூது கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "யா அல்லா, இடுப்புலயே வச்சுக்கிட்டுப் போயிட்டேனேம்மா!"

இரண்டு பூட்டும் திறந்தன. ஷட்டர் முழங்கால் உயரம் வந்து சிக்கிக்கொண்டது.

"இது எப்பவும் இப்பிடித்தான்" என்றார் தாவூது.

ஜெயக்கொடி முந்தானையைச் செருகிக்கொண்டு ஷட்டருக்கு அடியில் நுழையக் குப்புறப் படுத்தாள். உள்ளே, குடைக்கட்டுகளுக்கு அந்தப் பக்கம், மணி அடித்துக்கொண்டிருந்தது.